கரண்ட் வைக்கும் நாட்களில் பயணமும் வேலையும்: எல்லைப் பக்கத்துக் கேள்விகள்

குமரி மாவட்டத்திலிருந்தும் செங்கோட்டைப் பக்கமிருந்தும் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை பெறத் திருவனந்தபுரம் போய்வருகிறவர்களின் கேள்விகள் இவை. ஊரில் கதிர்வீச்சைக் கரண்ட் என்றும், அதை ஒரு தடவை வைப்பதைச் சிட்டிங் என்றும் சொல்வார்கள். அந்தச் சொற்களை அப்படியே வைத்திருக்கிறோம்.

மார்பக ஆபரேஷன் முடிந்து 15 சிட்டிங் எழுதியிருக்கிறார்கள். மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடையில் வேலை. தினமும் போய்வந்துகொண்டே கடைக்கும் போக முடியுமா?

முடியும், ஆனால் மூன்று வாரமும் ஒரே மாதிரி இருக்காது. திங்கள் முதல் வெள்ளி வரை, வாரத்துக்கு ஐந்து சிட்டிங். மேசையில் படுத்திருப்பது பத்து, பதினைந்து நிமிடம்தான். மீதி நாளைத் தின்பது பயணமும் காத்திருப்பும். நெய்யாற்றின்கரையிலும் பாலராமபுரத்திலும் பஸ் எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் குழித்துறையிலிருந்து ரயிலுக்கு மாதச் சீசன் டிக்கெட் எடுத்துவிடுங்கள். சிகிச்சை தொடங்கும் முன்பே எந்த ரயிலில் வருவீர்கள், எதில் திரும்ப வேண்டும் என்று கரண்ட் மிஷினை இயக்கும் ரேடியோகிராபரிடம் சொல்லி, அதற்கேற்ற நேரத்தைக் கேளுங்கள். ஒருமுறை நேரம் ஒதுக்கிய பிறகு மாற்றுவது அவர்களுக்கும் சிரமம்.

எல்லோரும் செய்கிற தவறு, முதல் வாரத்திலேயே லீவை எல்லாம் எடுத்துவிடுவது. முதல் வாரத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அசதி மெல்ல ஏறி, கடைசி வாரத்திலும் முடிந்த பிறகு ஓரிரு வாரமும்தான் ஆளைச் சாய்க்கும். லீவை அப்போதைக்கு வைத்திருங்கள். அதுவரை நின்று துணி எடுத்துக் காட்டும் வேலைக்குப் பதில் பில் போடும் இடத்தில் உட்கார வையுங்கள் என்று முதலாளியிடம் கேளுங்கள். ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையால் துணிக்கட்டு தூக்க வேண்டாம், அந்தத் தோளில் பையும் மாட்ட வேண்டாம். தளர்வான பருத்தி உடை போடுங்கள். கரண்ட் படும் இடத்தில் பவுடர், மஞ்சள், சந்தனம் எதுவும் கூடாது. டாக்டர் சொல்லாத எண்ணெயும் களிம்பும் வேண்டாம். மார்புக்கு அடியில் வியர்வை தங்கும் மடிப்பைத் தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். மையால் போட்ட அடையாளம் மங்கினால் நீங்களே பேனா எடுத்து வரையாதீர்கள், அங்கே போய்ச் சொல்லுங்கள்.

அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். 35 சிட்டிங், வாரம் ஒரு கீமோ. அருமனையில் ரப்பர் பால்வெட்டு. விடியற்காலை வெட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்கிறார்.

வேண்டாம். இதில் சமரசம் செய்ய இடமில்லை. ஏழு வாரம் போகும் சிகிச்சை இது. முதல் இரண்டு வாரம் வீட்டிலிருந்து போய்வரலாம். மூன்றாவது வாரத்துக்குப் பக்கத்தில் வாயும் தொண்டையும் புண்ணாகத் தொடங்கும், எச்சில் விழுங்குவதே பாடாகும். அந்த உடம்போடு விடியும் முன் எழுந்து மரம் மரமாகக் குனிந்து வெட்டுவதும், ஆசிட் வாடையில் ஷீட் அடிப்பதும், கழுத்தில் வெயில் படுவதும் ஆகாது. தோட்டத்தை இரண்டு மூன்று மாதத்துக்கு வேறொருவரிடம் பங்குக்கு விடுங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து மெடிக்கல் காலேஜ் பக்கத்தில் தங்க ஓர் அறையை இப்போதே பாருங்கள். குறைந்த வாடகைக்கு எங்கே கிடைக்கும் என்று ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளரிடம் கேட்கலாம். கீமோ நாளில் டிரிப் ஏறவே பல மணி நேரமாகும். முதல் வாரங்களிலும் அந்த ஒரு இரவு அங்கேயே தங்குவது நல்லது.

கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் ஆப்பச் சோடாவும் கரைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். தினமும் புதிதாகக் கரைக்க வேண்டும். வெற்றிலை, புகையிலை, பீடி, சாராயம் எல்லாவற்றையும் இன்றே நிறுத்த வேண்டும். மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) எரிவான மீன் குழம்பும் கொஞ்ச நாள் ஒதுங்கட்டும். பயறு போட்டுக் குழைத்த கஞ்சி, முட்டை, மோர், மசித்த மட்டிப் பழம் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை கொடுங்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை இறங்கினால் தலை அசையாமலிருக்க முகத்துக்குச் செய்த மாஸ்க் தளர்ந்து குறி விலகும், சில சமயம் திட்டத்தையே மறுபடி போட வேண்டிவரும். மூக்கு வழியாகக் குழாய் போடலாம் என்று டாக்டர் சொன்னால் பயந்து மறுக்காதீர்கள். தண்ணீரும் இறங்கவில்லை என்றாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ அன்றைக்கே காட்ட வேண்டும்.

கர்ப்பப்பை வாய்க்குக் கரண்ட். மூத்திரம் நிறைந்திருக்க வேண்டும் என்கிறார்கள். செங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் அடக்கிக்கொண்டு வர முடியவில்லை அம்மா.

பஸ்ஸில் அடக்கவே வேண்டாம். மூத்திரப்பை நிறைந்திருந்தால் குடல் மேலே ஒதுங்கும், கர்ப்பப்பையும் ஸ்கேன் எடுத்த அன்று இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்காகத்தான் கேட்கிறார்கள். எனவே தினமும் ஒரே அளவு நிறைய வேண்டும். இறங்கியதும் மூத்திரத்தை முழுவதும் போய்விடுங்கள். பிறகு உங்களுக்குச் சொன்ன அளவு தண்ணீரை, பெரும்பாலும் அரை லிட்டர், பத்து நிமிடத்தில் குடித்துவிட்டு, சொன்ன நேரம் காத்திருங்கள். அது அநேகமாக அரை மணி முதல் முக்கால் மணி வரை இருக்கும்.

இதில் தவறு நடக்கும் இடம் வேறு. வழியில் ஒதுங்க இடமில்லையே என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருகிறார்கள். காய்ந்த உடம்பு அந்த அரை லிட்டரை உறிஞ்சிக்கொள்ளும், பை நிறையாது, மேசையிலிருந்து எழுப்பிவிடுவார்கள். முந்தின நாள் மாலையிலிருந்தே நன்றாகக் குடியுங்கள். அந்த அரை லிட்டர் வெறும் தண்ணீராகவே இருக்கட்டும், கட்டன் சாயா (பால் இல்லாத டீ) வேண்டாம். மிஷின் தாமதமானால் வலிக்கும் வரை அடக்காமல் ரேடியோகிராபரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், பிறகு முதலிலிருந்து குடியுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வயிற்றுப்போக்கு வரலாம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைத்துக் கையில் வைத்திருங்கள். அந்த நாட்களில் கழிப்பறை உள்ள ரயில்தான் நிம்மதி. கர்ப்பப்பைக்கு உள்ளே குழாய் விட்டு வைக்கும் கரண்ட் (பிராக்கிதெரபி) நாளில் தனியாக வரவே கூடாது.

ஹர்த்தால் வந்தால் ஒரு நாள் விடலாமா? கடைசியில் சேர்த்துக்கொள்ள மாட்டார்களா?

எண்ணிக்கையைச் சேர்க்கலாம். நடுவில் விழுந்த இடைவெளியில் புற்றணுக்கள் மறுபடி பெருகுவதைத் திரும்பப் பெற முடியாது. தொண்டைக்கும் கர்ப்பப்பை வாய்க்கும் இது மிகவும் முக்கியம். ஹர்த்தாலுக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று 2019 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அறிவிப்பு தெரிந்தால் முந்தின இரவே போய்த் தங்கிவிடுங்கள். ஆற்றுகால் பொங்கல் நாளிலும் அப்படியே, தம்பானூர் சாலை முழுவதும் அடுப்பாக இருக்கும். செங்கோட்டைக்காரர்கள் சபரிமலை சீசனில் ஆரியங்காவு வழிக்கு ஒரு மணி நேரம் கூட்டியே கணக்கிட வேண்டும். எப்படியும் ஒரு நாள் விட்டுப்போனால் அன்று காலையே போன் செய்யுங்கள். சனிக்கிழமையிலோ, ஆறு மணி நேர இடைவெளியில் ஒரே நாளில் இரண்டு தடவையோ வைத்து ஈடுகட்டலாமா என்று டாக்டர் பார்ப்பார்.

கரண்ட் வைத்துவிட்டுப் பஸ்ஸில் கர்ப்பிணிகள் பக்கத்தில் உட்காரலாமா? பேரப்பிள்ளையைத் தூக்கலாமா?

தாராளமாக. வெளியிலிருந்து வைக்கும் கரண்ட் மிஷின் நின்றதும் நின்றுவிடும், உங்கள் உடம்பில் எதுவும் தங்காது.

அண்டி ஆபீஸில் (முந்திரிப் பருப்பு ஆலை) வேலை, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) உண்டு. சம்பளம் போய்விடுமே?

நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். நீண்டகால நோய்ப் பட்டியலில் புற்றுநோய் உண்டு. இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்து சந்தா நாட்களும் சரியாக இருந்தால் 80 சதவீதமாக நீட்டிக்கலாம். எல்லாம் முடிந்த பிறகு டிஸ்சார்ஜ் காகிதத்தோடு போனால் இடையிலுள்ள நாட்களுக்குச் சான்று இல்லை என்பார்கள். தொடங்கும் முன்பே இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டி, விட்டுப்போகாமல் சான்று வாங்கிவாருங்கள். ரயில் சலுகைக்கு ரயில்வே படிவத்தில் டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். இரண்டாம் வகுப்பில் உங்களுக்கும் துணைக்கு வருபவருக்கும் 75 சதவீதம் குறையும்.