பெடல் விழுந்தால் கியர்பொக்ஸை இறக்க வேண்டுமா?

நிலாவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "என்னுடையது பழைய ஹைலக்ஸ் கெப். விடியப்புறம் மீன் ஏற்றக் கிளம்பினால் கிளட்ச் பெடல் அடியோடு போய்விடுகிறது. நாலைந்து தரம் மிதித்தால் எழும்பும். முதல் கியர் கரகரவென்று சத்தம் போட்டுத்தான் விழுகிறது. கியர்பொக்ஸை இறக்கி பிளேட் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா?"

பொறுங்கள் தம்பி. பிளேட் தேய்ந்தால் பெடல் விழாது, கிளட்ச்தான் வழுக்கும். உவர்மலை ஏற்றத்தில் இன்ஜின் மட்டும் இரைந்து வண்டி இழுக்காவிட்டால் பிளேட்டைச் சந்தேகிக்கலாம். மிதிக்க மிதிக்க எழும்பும் பெடல் வேறு கதை. மேலே பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், கீழே கியர்பொக்ஸ் ஓரத்தில் கிளட்ச்சை விலக்கும் சிலேவ் சிலிண்டர், இரண்டுக்கும் நடுவே எண்ணெய்க் குழாய். எண்ணெய் என்றால் இங்கே பிரேக் ஒயில். இதில் எங்கேயோ எண்ணெய் கசிகிறது, அல்லது காற்று புகுந்திருக்கிறது.

முதலில் எண்ணெய்க் குப்பியின் அளவைப் பாருங்கள். அப்புறம் பெடலுக்கு மேலே, தள்ளுகம்பி உள்ளே போகும் இடத்தை விரலால் தடவுங்கள். ஈரம் பட்டால் மாஸ்டர். கீழே சிலேவின் ரப்பர் உறையை மெல்ல விலக்குங்கள். எண்ணெய் வழிந்தால் சிலேவ். இரண்டும் காய்ந்திருந்தால், பெடலை மிதித்து ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். மெதுவாகக் கீழே இறங்குகிறதா? மாஸ்டரின் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் எண்ணெயைப் பின்னால் விடுகிறது.

வாஷர் கிட் மட்டும் போட்டால் போதுமா என்பீர்கள். சிலிண்டரைக் கழற்றித் துடைத்து, உள்சுவரில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரம் சுவரைப் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். நகத்தில் தட்டுப்படும் குழி இருந்தால் புது வாஷரும் சீக்கிரம் கிழியும். முழுச் சிலிண்டரையே மாற்றுங்கள்.

பிறகு காற்று எடுக்க வேண்டும். உப்புக்காற்றில் ஓடும் வண்டியில் சிலேவின் காற்றுத்திருகு இறுகிக் கிடக்கும். முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். அவசரப்பட்டு ஒன்றை முறித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன் நான். திருகில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் மாட்டி, அதன் நுனியைக் கொஞ்சம் பிரேக் ஒயில் உள்ள போத்தலில் அமிழ்த்துங்கள். ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் திருகைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். குமிழி நிற்கும்வரை இதையே செய்யுங்கள், குப்பி வற்ற விடாதீர்கள். மூடியில் எழுதியிருக்கும் வகை பிரேக் ஒயில் மட்டும்தான். இன்ஜின் ஒயில் ஊற்றினால் ரப்பர் ஊதிப் போகும். பெயின்டில் பிரேக் ஒயில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கடைசியாக, பெடலைக் கையால் அழுத்தினால் தள்ளுகம்பி முட்டுமுன் சில மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும். அந்த ஆட்டம் இல்லாவிட்டால் எண்ணெய் திரும்பாது, கிளட்ச் வழுக்கத் தொடங்கும்.

இவ்வளவும் செய்து, சிலேவ் கம்பி முழுசாகத் தள்ளியும் கியர் கரகரத்தால், அப்போது கியர்பொக்ஸை இறக்குங்கள். இறக்கினால் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள், இரண்டாம் தரம் கூலி கொடுக்க வேண்டாம்.