எத்தனை கோல்?

அன்புள்ள ஐயா,

நான் யாழ்ப்பாணம். முப்பது வருசமாக ஜேர்மனியில், கொலோனுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். மகனுக்கு 15 வயது. இங்கத்தைய கழகம் ஒன்றில் கைப்பந்து விளையாடுகிறான். பயிற்றுநர் அவனை எப்போதும் தடுப்பிலும் கோலுக்கு முன்னாலுள்ள ஆறு மீற்றர் கோட்டிலும்தான் நிற்பாட்டுகிறார். போன பருவம் முழுக்க அவன் போட்ட கோல் பதினொன்று. கழகத்தை மாற்றலாமா என்று யோசிக்கிறேன். பயிற்றுநரிடம் கதைத்தபோது, "ஹைனர் பிராண்டும் அந்த இடத்தில்தான் நின்றவர்" என்றார். பிராண்ட் ஜேர்மன் அணியின் பயிற்றுநராக 2007 உலகக் கிண்ணத்தைச் சொந்த மண்ணில் நடுவர் தயவில் வென்றவர், 2011 உலகக் கிண்ணத்தில் பதினோராம் இடம் வந்து விலகியவர் என்றுதான் நான் அறிந்திருக்கிறேன். பெரிய ஆட்டக்காரர் பெரிய பயிற்றுநர் ஆவதில்லை என்பார்களே, இவர் எதில் சேர்த்தி? பந்து வழுக்காமல் கையில் பூசுகிற பிசின் ஒட்டின சட்டைகளைத் தோய்த்து மனைவியும் களைத்துப்போனா. கொலோனில் நீங்கள் இருந்த காலத்தைப் பற்றி எழுதியிருந்ததால் உங்களைக் கேட்கிறேன்.

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் மார்ச் கடைசி வாரத்தில் வந்தது. அந்த வாரம் வந்தாலே எனக்கு டாட்டாபான்யா என்ற ஊரின் ஞாபகம் வந்துவிடும். அதனால்தான் மற்ற கடிதங்களை ஒதுக்கிவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். (எங்கள் பக்கம் கைப்பந்து என்றால் வாலிபால். குழம்பிவிடும், ஹேண்ட்பால் என்றே எழுதுகிறேன். பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டம்.)

முதலில் அந்த 'நடுவர் தயவு'. 2007 அரையிறுதியில் பிரான்ஸ் கடைசி நொடிகளில் போட்ட கோலை நடுவர்கள் ஏற்கவில்லை, உண்மைதான். இரண்டு முறை கூடுதல் நேரம் போய் 32-31ல் முடிந்த ஆட்டம் அது. அதற்கு முன்னால் 2002ல் ஐரோப்பியப் போட்டியில் வெள்ளி, 2003 உலகக் கோப்பையில் வெள்ளி, 2004ல் ஐரோப்பியத் தங்கம், அதே ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி. இதெல்லாம் யார் விசில் ஊதிக் கொடுத்தது? 2011 பற்றி நான் பேசப்போவதில்லை. 1997லிருந்து பதினான்கு ஆண்டுகள் ஒரு நாட்டின் அணியை நடத்தியவரைக் கடைசி உலகக் கோப்பையின் இடத்தை வைத்து எடைபோடாதீர்கள்.

எனக்கு உறுத்தியது உங்கள் 'பதினொன்று'. மகனின் வயதுக்கு அடுத்தபடியாக அவனைப் பற்றி நீங்கள் எழுதிய எண் அதுதான். எண்ணி வைத்திருக்கிறீர்கள். அவன் எத்தனை கோலைத் தடுத்தான் என்று எண்ணினீர்களா? எத்தனை முறை முதுகைக் கொடுத்து மற்றவனுக்கு வழி விட்டான் என்று எண்ணினீர்களா? அதற்கெல்லாம் கணக்கு இல்லை என்பீர்கள். கணக்கு இல்லாததால் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

சரி, எண்தான் வேண்டுமென்றால் எண்ணிலேயே பேசுவோம். ஹைனர் பிராண்ட் ஜெர்மனிக்காக 131 ஆட்டம் ஆடினார். போட்ட கோல் 231. ஆட்டத்துக்கு இரண்டுகூட இல்லை. கும்மர்ஸ்பாக் என்ற ஊரின் கிளப்பில் அவரோடு ஆடிய யோவாகிம் டெக்கார்ம் 104 ஆட்டத்தில் 381 கோல் போட்டார். உங்கள் கணக்குப்படி டெக்கார்ம் ஆட்டக்காரர், பிராண்ட் ஆள் கணக்குக்கு நின்றவர். ஆனால் 1978 பிப்ரவரி 5ஆம் தேதி கோபன்ஹேகனில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் சோவியத் அணியை 20-19 என்று வென்றபோது இருவரும் ஒரே அணியில் இருந்தார்கள். எதிரணியைப் பத்தொன்பதோடு நிறுத்தியவர்கள் இல்லையென்றால் இந்தப் பக்கத்து இருபதுக்கு என்ன மதிப்பு?

உங்கள் மகன் நிற்கிற இடத்தை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். தடுப்பு என்றால் ஆறு பேர் ஆறு மீட்டர் கோட்டை ஒட்டி வரிசையாக நிற்கிறார்கள். எதிரணியின் பிவட், ஜெர்மானியர்கள் கிரைஸ்லாய்ஃபர் என்பார்களே அந்த ஆள், அந்த வரிசைக்குள் புகுந்து ஒருவனிடமிருந்து இன்னொருவனிடம் நழுவிக்கொண்டே இருப்பான். அவனை ஒருவன் விட வேண்டும், பக்கத்தில் இருப்பவன் அதே கணத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். வாய் திறக்காமல் இது நடக்காது. நடுவில் நிற்பவன் அறுபது நிமிடமும் கத்திக்கொண்டே இருப்பான்: உன் பக்கம் வருகிறான், விடு, நான் எடுத்துக்கொள்கிறேன், மேலே போ. தாக்கும்போது அதே ஆள் பிவட்டாக எதிரணி வரிசைக்குள் போய், கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, மற்றவர்கள் எங்கே ஓடப்போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பான். பிராண்ட் வருடக்கணக்காக இதைத்தான் செய்தார். பெரிய ஆட்டக்காரர் பெரிய பயிற்சியாளர் ஆவாரா என்று பொதுவாகக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இந்த இடத்தில் இத்தனை காலம் நின்றவர் பயிற்சியாளர் வேலையை ஆடும்போதே தொடங்கிவிட்டார் என்று சொல்வேன்.

2007ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் போலந்திடம் தோற்றார்கள். போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே பிராண்ட், தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த 37 வயது கிறிஸ்டியான் சுவார்ட்சரைத் திரும்ப அழைத்தார். சுவார்ட்சரும் பிவட். பிப்ரவரி 4, கொலோனில் இறுதி ஆட்டம், மறுபடி அதே போலந்து. நடுவிலேயே கோல்கீப்பர் ஹென்னிங் ஃபிரிட்ஸ் அடிபட்டு வெளியேற, யோஹான்னஸ் பிட்டர் வந்து நின்று காப்பாற்றினார். 29-24. கோபன்ஹேகன் நடந்து இருபத்தொன்பது ஆண்டுக்கு ஒரு நாள் குறைவு. ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பை வென்ற முதல் மனிதர் ஆனார் பிராண்ட். பரிசளிப்பில் பையன்கள் அவரைப் போலவே பெரிய மீசை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். நான் அன்று கொலோனில்தான் இருந்தேன், டிவியில் பார்த்தேன். அந்த ஒட்டு மீசைகளைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. அந்தப் பாசத்தையும் சேர்த்தா நடுவர்கள் கொடுத்தார்கள்?

டாட்டாபான்யாவுக்கு வருகிறேன். ஹங்கேரியில் ஒரு சுரங்க நகரம். 1979 மார்ச் 30, கும்மர்ஸ்பாக் கிளப்புக்கு அங்கே ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பை அரையிறுதி. உலகக் கோப்பை வென்று ஓராண்டு ஆகியிருந்தது. முதல் பாதியில், வேகமாக முன்னேறிய டெக்கார்ம் எதிரணி ஆட்டக்காரர் ஒருவரோடு தலை மோதிச் சாய்ந்தார். நினைவு தப்பிய மனிதர் கையை ஊன்றவில்லை. தலை நேராகத் தரையில் அடித்தது. அது கான்கிரீட் தரை, மேலே மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு மட்டும். 131 நாள் கோமாவில் இருந்தார். பிராண்டின் ஆட்டக் கணக்கும் 131 என்பதை முதலில் கவனித்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

டெக்கார்முக்கு அப்போது 25 வயது. உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். கண் விழித்தபின் பேச்சு, நடை எல்லாவற்றையும் குழந்தைபோல் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. சார்ப்ரூக்கனில் அவருடைய இளமைக்காலப் பயிற்சியாளர் வெர்னர் ஹ்யூர்ட்டர் வருடக்கணக்கில் அவரோடு உட்கார்ந்து பயிற்சி கொடுத்தார். கும்மர்ஸ்பாக் கூட்டாளிகள் அவரை விட்டுவிடவில்லை, பிராண்ட் அதில் முதல் ஆள். பிற்காலத்தில் டெக்கார்ம் அந்தப் பழைய நண்பர்களுக்குப் பக்கத்தில், கும்மர்ஸ்பாக்கிலேயே குடியேறினார். 381 கோலில் ஒன்றுகூட அவரைக் கைதூக்கி உட்காரவைக்க வரவில்லை. பக்கத்தில் நின்று ஆடியவர்கள் வந்தார்கள். உங்கள் மகன் கற்றுக்கொண்டிருப்பது அந்தப் பக்கத்தில் நிற்கிற வேலையை.

கோபமாக எழுதுகிறேன் என்று தோன்றும். காரணம் இருக்கிறது. கொலோனில் நான் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அக்கா மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது, அவனும் பிவட். சனிக்கிழமை மேட்ச்சுகளுக்கு நான்தான் காரில் கூட்டிப்போவேன். ஒருநாள் திரும்பும்போது, "எத்தனை கோல்டா?" என்றேன். "ஒண்ணும் இல்ல மாமா." "அப்ப அம்பது நிமிஷம் அங்க என்னதான் பண்ணிக்கிட்டிருந்த?" அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கையில் முழங்கைக்கு மேலே நாலைந்து நகக்கீறல் இருந்தது. இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். பார்த்தேன், அப்போதுகூட அதைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து, "இந்த வாரம் மேட்ச் இல்ல மாமா" என்றான். இருந்தது. பஸ்ஸில் தனியாகப் போயிருந்தான். அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் போய் ஹாலின் பின்னால், ஜிம்னாஸ்டிக் மெத்தைகள் அடுக்கியிருந்த மூலையில் நின்று, பந்தை விட்டுவிட்டு அவனை மட்டும் பார்த்தேன். அவன் தன்னைவிட உயரமான ஒருவன்மேல் முதுகைச் சாய்த்து, கால் அகட்டி, அசையாமல் நின்றான். அந்த இடைவெளியில் இன்னொரு பையன் எகிறி அடித்தான், கோல். அடித்தவன் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினான், எல்லோரும் அவனைத் தட்டிக்கொடுத்தார்கள். இவன் தரையிலிருந்து எழுந்து, முழங்காலைத் துடைத்துவிட்டு, அதற்குள் தடுப்புக்கு ஓடிவிட்டான். அன்று இப்படி ஐந்து முறை. வெளியே வந்தபோது என்னைப் பார்த்து முகம் வெளுத்துப்போனான், பொய் பிடிபட்டுவிட்டது என்று. "அஞ்சு" என்றேன். அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் வேகமாக நடக்க ஆரம்பித்தான். கார் வரைக்கும் திரும்பவே இல்லை.

உங்கள் மகன் இன்னும் உங்களோடு காரில் வருகிறானா, க.? வருகிறான் என்றால் கெட்டுப்போனது ஒன்றுமில்லை. கழகத்தை மாற்ற வேண்டாம். பிராண்ட் பெயரைச் சொல்லி ஒரு பதினைந்து வயதுப் பையனுக்கு அவன் நிற்கும் இடத்தின் மதிப்பைச் சொல்கிற பயிற்சியாளர் எல்லா ஊரிலும் கிடைக்கமாட்டார். மாற்றியே தீர வேண்டும் என்று அவனே கேட்டால் வேறு விஷயம். நீங்கள் அவனைக் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லுங்கள், பிசின் பட்ட இடத்தைத் துவைக்கும் முன் எண்ணெய் தொட்டு ஊறவைக்க வேண்டும். வெறும் சோப்புக்கு அது அசையாது. அக்கா தேங்காய் எண்ணெய்தான் போடுவாள், முதலில் அவன் விரல்களுக்கு, பிறகு சட்டைக்கு.

அன்புடன்.