பாப்பாவை ஜெர்மனிக்கு எந்த விசாவில் அனுப்புவது? ஈரோட்டு அக்காவுக்கு எழுதியது

அன்புள்ள அக்காவுக்கு,

சனிக்கிழமை மஞ்சள் பையில் பாப்பாவின் சான்றிதழ்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தீர்கள். கிளம்பும்போது படிக்கட்டில் நின்று நீங்கள் கேட்டது இன்னும் மனசிலேயே இருக்கிறது. "நாலரை லட்சம் கட்டினா ஆப்பர்ச்சுனிட்டி கார்டுல உடனே அனுப்பீர்றேங்கறார் ஏஜென்ட். மாஸ்டர்ஸ்னா இன்னும் ரெண்டு வருஷம் படிக்கோணும். எதுல போனா சீக்கிரம் நிலைச்சு நிப்பா?" வெளியே ஆட்கள் காத்திருந்ததால் பாதிப் பதிலோடு அனுப்பிவிட்டேன். மீதியை எழுதுகிறேன். வீட்டுக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அங்கே போய் வேலை தேடுவதற்காகத் தரும் அந்த கார்டு பாப்பாவுக்கு இப்போது வேண்டாம். அரசுப் பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸ் போகட்டும். காரணம் இருக்கிறது.

விசா என்பது விமானம் ஏறி உள்ளே போக மட்டும்தான். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு வசிப்பு அனுமதி என்று தனியாக ஒன்று தருவார்கள். அதில் இவள் எதற்காக இங்கே இருக்கிறாள் என்று எழுதியிருக்கும். படிக்கவா, வேலை தேடவா, வேலை பார்க்கவா என்பதை வைத்துத்தான் எத்தனை மாதம் இருக்கலாம், எவ்வளவு நேரம் வேலை செய்யலாம், அடுத்து எதற்கு மாறலாம் என்பதெல்லாம் முடிவாகும்.

ஆப்பர்ச்சுனிட்டி கார்டு 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொய்யான திட்டம் இல்லை, நல்ல திட்டம்தான். பி.இ. பட்டமும் அதைக் கொடுத்த பல்கலைக்கழகமும் வெளிநாட்டுப் பட்டங்களை ஜெர்மனி மதிப்பிட்டு வைத்திருக்கும் அனாபின் பட்டியலில் அவர்கள் பட்டத்துக்குச் சமமாக இருந்தால் புள்ளிக் கணக்கே தேவையில்லை. இல்லையென்றால் 6 புள்ளி சேர்க்க வேண்டும். பாப்பாவுக்குப் போட்டுப் பார்த்தேன். வயது 35-க்குள், அதற்கு 2. இன்ஜினியரிங் ஆள் பற்றாக்குறைத் துறை, 1. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 7 வாங்கியிருக்கிறாள், அது சி1 நிலை (மொழித் தேர்ச்சியை ஏ1-இல் தொடங்கி ஏ2, பி1, பி2, சி1 என்று ஏறும் படிகளாகச் சொல்வார்கள்), 1. ஆக 4. ஜெர்மன் மொழியில் ஏ2 முடித்தால் 5 ஆகும், பி1 முடித்தால்தான் 6. இன்றைக்கு அவளுக்கு ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாது.

சரி, கார்டு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது ஒரு வருஷத்துக்குத்தான். அதுவரை வாரம் 20 மணி நேரம் பார்ட் டைம் பார்க்கலாம், ஒரு கம்பெனியில் இரண்டு வாரம் வரை சோதனை வேலை செய்யலாம். வருஷம் முடிவதற்குள் படிப்புக்கேற்ற வேலை ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் நீட்டிக்க மாட்டார்கள். அனுபவமே இல்லாத, மொழி தெரியாத 22 வயதுப் பிள்ளை, சொந்தக்காரர் யாரும் இல்லாத ஊரில், 12 மாதத்துக்குள் இன்ஜினியர் வேலை வாங்க வேண்டும். அந்த ஒரு வருஷச் செலவுக்கு மாதம் 1,091 யூரோ வீதம் 2025 கணக்குப்படி 13,092 யூரோ காட்டவும் வேண்டும். ஏஜென்ட் கேட்கும் நாலரை லட்சம் இதில் சேராது. போன வருஷம் இப்படி அனுப்பிய ஒரு அப்பா, மகன் திரும்பி வந்த பிறகு என் முன்னால் உட்கார்ந்து, "கார்டு வந்ததும் வேலையே வந்துட்ட மாதிரி நெனச்சுட்டனுங்க" என்றார். அவர் முகம் எனக்கு மறக்கவில்லை.

மாஸ்டர்ஸ் வழியில் முதல் செமஸ்டரிலிருந்தே காலம் அவள் பக்கம் இருக்கிறது. படிக்கும்போதே வருஷத்துக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை பார்க்கலாம். 2024 மார்ச்சுக்கு முன்னால் இது 120, 240 ஆக இருந்தது. தன் துறையிலேயே மாணவர் வேலை கிடைத்தால் அதுவே அனுபவம். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தருவார்கள், அந்த 18 மாதமும் எந்த வேலையும் எத்தனை மணி நேரமும் பார்க்கலாம்.

இடம் கிடைக்குமா என்று கேட்டீர்கள். பாப்பாவின் சிஜிபிஏ 7.8. ஜெர்மனியில் மதிப்பெண் தலைகீழ்: 1 தான் உச்சம், 4 கடைசி பாஸ். நம் 10-இல் 7.8-ஐக் கழித்தால் 2.2. உச்ச மார்க் 10-க்கும் பாஸ் மார்க் 5-க்கும் உள்ள இடைவெளி 5, அதனால் வகுங்கள். 3-ஆல் பெருக்கி 1 கூட்டினால் 2.32. நிறைய அரசுப் பல்கலைக்கழகங்கள் 2.5 வரை எடுத்துக்கொள்கின்றன. அதனால் பயம் வேண்டாம். ஆனால் பெரிய பெயர்களை மட்டும் பார்த்து விண்ணப்பம் போட விடாதீர்கள்.

அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் படிப்புக் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்குச் சில நூறு யூரோதான். இதற்கு விதிவிலக்கு உண்டு. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ எல்லாம் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து வசூலிக்கத் தொடங்கிவிட்டது. மாஸ்டர்ஸுக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை, அதுவும் ஒரு செமஸ்டருக்கு.

மார்க்கே கேட்காமல் ஒரே வாரத்தில் அட்மிஷன் லெட்டர் தருகிறோம் என்று வரும் தனியார் கல்லூரிகள் விஷயத்தில் உங்கள் காலைப் பிடித்துச் சொல்கிறேன், அவசரப்படாதீர்கள். பாதி ஆன்லைன், பாதி நேரடி என்று நடக்கும் கோர்ஸில் சேர்ந்துவிட்டால், "இதைப் படிக்க ஜெர்மனியில் இருக்க வேண்டிய அவசியம் இல்லையே" என்று வசிப்பு அனுமதியையே மறுக்க முடியும். கட்டிய லட்சங்கள் திரும்பாது. எந்தக் கல்லூரி பெயர் சொன்னாலும் கோர்ஸ் முழுநேரமா, வகுப்பெல்லாம் நேரில் நடக்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு என்னிடம் வாருங்கள்.

பணக் கணக்குக்கு வருகிறேன். மாணவர் விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்ட் என்று ஒன்று திறந்து ஒரு வருஷத்துக்கு 11,904 யூரோ போட வேண்டும். 2024 செப்டம்பரில் வந்த தொகை இது. யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சுமார் 12 லட்சம். இது யாருக்கும் போகிற கட்டணம் இல்லை அக்கா, பாப்பாவின் பணம்தான். அங்கே போனதும் மாதம் 992 யூரோ அவள் கணக்குக்கு வரும். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் "மொத்த பேக்கேஜ் 16 லட்சம்" என்று பேசுபவரிடம் எழுந்து வந்துவிடுங்கள். பார்ட் டைமில் சம்பாதித்து வாடகை கட்டிக்கொள்வாள் என்று முதல் ஆறு மாதத்துக்குக் கணக்குப் போட வேண்டாம். தோட்டத்தை அடமானம் வைப்பதாகச் சொன்னீர்கள். அதற்கு முன்னால் கல்விக் கடனுக்கு வங்கியில் ஒரு தடவை பேசிப் பார்ப்போம்.

அடுத்தது பெயர். இதில் நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பாப்பாவின் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயருக்குப் பின்னால் ஒற்றை இன்ஷியல். டிகிரியிலும் அப்படியே. பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருக்கிறது. நான் சனிக்கிழமையே அதைப் பார்த்தேன். அதைக் காலியாக விட்டால் வங்கி, இன்சூரன்ஸ், பல்கலைக்கழகம் என்று ஒவ்வொரு படிவத்திலும் இடிக்கும். இன்ஷியலை விரித்து அப்பா பெயரை சர்நேமாக ஏற்றி, இப்போதே பாஸ்போர்ட்டை மாற்றிவிடுங்கள். அங்கே அவளை உங்கள் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வீட்டுத் தபால் பெட்டியிலும் அந்தப் பெயரைத்தான் ஒட்ட வேண்டும். பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பிவிடுவார். வரி எண், இன்சூரன்ஸ் கடிதம் எல்லாமே தபாலில்தான் வரும்.

பெயர் சரியானதும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு அனுப்புவோம். இந்தியாவில் படித்த மாணவர்களுக்கு 2022 நவம்பர் 1 முதல் இது கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். நம் சான்றிதழ்கள் உண்மையானவைதானா என்று டெல்லியில் சரிபார்த்துத் தருவார்கள். இது கையில் இல்லாமல் விசா விண்ணப்பமே போட முடியாது.

விசா விண்ணப்பத்தை ஒரே தடவையில் சரியாகப் போட்டுவிட வேண்டும். முன்பெல்லாம் மறுத்தால் தூதரகத்துக்கே ஆட்சேபக் கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்கலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை மூடிவிட்டார்கள். மறுத்தால் புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது ஜெர்மனியில் நீதிமன்றம் போகலாம். அதனால்தான் ஏன் இந்தப் படிப்பு என்று எழுதும் கடிதத்தைப் பாப்பாவே எழுத வேண்டும் என்கிறேன். ஏஜென்ட் கொடுக்கும் மாதிரிக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றினால் படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

போய் இறங்கியதும் இரண்டு வாரத்துக்குள் முகவரியை நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். விசா காலம் முடிவதற்கு முன்னாலேயே வெளிநாட்டவர் அலுவலகத்தில் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். பெரிய ஊர்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க மாதக்கணக்காகும். இடையில் ஒரு தற்காலிகச் சீட்டு தரலாம். அதை வைத்துக்கொண்டு பொங்கலுக்கு ஊருக்கு வரலாமா என்பதை அந்த அலுவலகத்திலேயே கேட்டுவிட்டு டிக்கெட் போடச் சொல்லுங்கள்.

வேலை கிடைத்த பிறகு ப்ளூ கார்டு, அதாவது பட்டம் பெற்றவர்கள் வேலை பார்ப்பதற்கான வசிப்பு அனுமதி. 2025-இல் அதற்குக் குறைந்த ஆண்டுச் சம்பளம் 48,300 யூரோவாக இருந்தது. ஆள் பற்றாக்குறைத் துறைகளுக்கும் பட்டம் வாங்கி மூன்று வருஷம் ஆகாதவர்களுக்கும் 43,759.80 யூரோவாக இருந்தது. இந்த எண் ஜனவரிக்கு ஜனவரி மாறும். ப்ளூ கார்டில் 27 மாதம் வேலை பார்த்து ஜெர்மன் ஏ1 இருந்தால் நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்கலாம், பி1 இருந்தால் 21 மாதம் போதும். கூட்டிப் பாருங்கள்: படிப்பு இரண்டு வருஷம், வேலை தேட ஆறு மாதம், பிறகு 21 மாதம். நாலேகால் வருஷம். "எதுல போனா சீக்கிரம் நிலைச்சு நிப்பா" என்று கேட்டீர்களே, அந்தக் கணக்கு இதுதான். குடியுரிமையைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். அதை வாங்கினால் நம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட வேண்டும், நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை கிடையாது.

கோவையில் நாலு வருஷமாக வேலை பார்க்கும் பெரியவனுக்குக் கணக்கு வேறு. அவனுக்கு அனுபவம் இருக்கிறது. பி1 முடித்துவிட்டு இங்கிருந்தே கம்பெனிகளுக்கு விண்ணப்பிக்கட்டும். வேலை கிடைத்தால் நேராக ப்ளூ கார்டு, அமையாவிட்டால் ஆப்பர்ச்சுனிட்டி கார்டு. அவனைப் போன்றவர்களுக்காகத்தான் அந்த கார்டு. உங்கள் தங்கை மகள் நர்சிங் முடித்திருப்பதாகச் சொன்னீர்கள். அவளுக்குப் பொதுவாக பி2 வரை மொழி வேண்டும், படிப்பையும் அங்கே அங்கீகரிக்க வேண்டும். அவளைத் தனியாக அழைத்து வாருங்கள்.

பாப்பாவை இந்த மாதமே ஜெர்மன் வகுப்பில் சேர்த்துவிடுங்கள். கோர்ஸ் ஆங்கிலத்தில்தானே என்று அவள் சொல்வாள். கோர்ஸ் ஆங்கிலத்தில் இருக்கலாம், இன்டர்வியூ எடுக்கும் கம்பெனி மேனேஜர் ஜெர்மனில்தான் பேசுவார். விடாமல் படித்தால் விமானம் ஏறுவதற்குள் பி1 தொட்டுவிடலாம்.

ஏஜென்டிடம் இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றீர்கள், கொடுக்காமலே இருங்கள். அடுத்த சனிக்கிழமை காலையில் வாருங்கள். பாஸ்போர்ட், எல்லா செமஸ்டர் மார்க் ஷீட், ஒவ்வொன்றிலும் இரண்டு ஜெராக்ஸ். பாப்பாவைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். போன தடவை நீங்களும் நானுமே பேசிக்கொண்டோம், அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.