எழுத்துக் கூட்டத் தெரியாத ஏழு பேர்: எந்தப் பயிற்சிக்குப் போவது?

குடியாத்தம் பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியிலிருந்து ஒரு ஆசிரியை எழுதியிருக்கிறார். நான்காம் வகுப்பில் 24 பிள்ளைகள், அதில் ஏழு பேருக்கு இன்னும் வாசிக்க வரவில்லை. ஒரு பையன் கதை சொன்னால் எல்லாக் கேள்விக்கும் டக்கென்று பதில் சொல்கிறான், புத்தகத்தைக் கையில் கொடுத்தால் பேச்சே வராது. ஒரு பெண் பிள்ளை வீட்டில் உருது பேசுகிறாள். இரண்டு பேர் பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போய் மாதக்கணக்கில் வருவதில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு மூன்று நாள் ஆன்லைன் பயிற்சி விளம்பரம் வந்திருக்கிறது, முடித்தால் 'வாசிப்பு நிபுணர்' சான்றிதழ், கட்டணம் கொஞ்சம் அதிகம். அதில் சேரலாமா, இல்லை சிறப்புக் கல்விக்கான ஸ்பெஷல் பி.எட். படித்துவிடலாமா என்று கேட்கிறார்.

டீச்சர், இப்போதைக்கு அந்த மூன்று நாள் பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டாம். பல வருஷம் முன்னால் நானும் இப்படி ஒரு பயிற்சிக்குப் போனேன். நன்றாகத்தான் நடத்தினார்கள், ஆனால் சொல்லிக்கொடுத்தது முழுக்க ஆங்கில ஃபோனிக்ஸ், அதாவது ஆங்கில எழுத்துகளின் சத்தத்தை வைத்துப் படிக்கக் கற்பிக்கும் முறை. அதை அப்படியே தமிழ் வகுப்பில் செய்து பார்த்து ஒரு பருவம் முழுக்க வீணானது, நஷ்டம் பிள்ளைகளுக்கு. ஆங்கிலத்தில் பிள்ளை தடுக்கி விழும் இடம் வேறு, தமிழில் விழும் இடம் வேறு.

தமிழில் எங்கே விழுகிறார்கள் என்று பாருங்கள். 'க கா கி கீ' என்று பாட்டு மாதிரி ஒப்பிப்பார்கள், நடுவில் இருக்கும் 'கொ'வைத் தொட்டுக் கேட்டால் மனதுக்குள் 'க'விலிருந்து ஆரம்பித்து எண்ணிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு எழுத்து தெரியவில்லை, வரிசை தெரிந்திருக்கிறது. அடுத்து, 'கெ'யில் வரும் ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, சத்தமோ பின்னால் வருகிறது; 'கொ'வில் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்க, பிள்ளை அதைக் 'கெ', அப்புறம் ஒரு கால் என்று தனித்தனியாகப் பார்க்கிறது. எல்லாவற்றையும் விடக் கஷ்டம் உகர வரிசை, அதாவது 'உ' சத்தம் சேரும் எழுத்துகள். 'சு, பு, வு' ஒரு மாதிரி, 'து, நு, று' ஒரு மாதிரி, 'டு, மு, ரு' இன்னொரு மாதிரி. ஒரே சத்தத்துக்கு இத்தனை உருவம் இருப்பதை நாம் சொல்லிக்கொடுப்பதே இல்லை, பிள்ளைகளே கண்டுபிடித்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறோம். ஒரே மாதிரி உருவம் உள்ளவற்றைச் சேர்த்துச் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள், நிறைய பேர் அந்த ஒரு மாற்றத்திலேயே நகர ஆரம்பிப்பார்கள்.

நம்ம ஊர் பேச்சும் இதில் சேர்கிறது. வீட்டில் 'வாயப்பயம்' என்று கேட்கும் பிள்ளை நோட்டிலும் 'வாயப்பயம்' என்றுதான் எழுதும். 'வந்துகினு கீறான்' என்று பேசும் பிள்ளைக்குப் புத்தகத்தில் 'வந்துகொண்டிருக்கிறான்' என்று பார்த்தால் அது தனக்குத் தெரிந்த சொல்தான் என்றே பிடிபடாது. இதைக் கோளாறு என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். காதில் விழுந்ததைச் சரியாக எழுத்தாக்கியிருக்கிறது அந்தப் பிள்ளை, அது ஒரு திறமை. 'நாம இப்படிச் சொல்றோம், புத்தகத்துல இப்படி எழுதுவாங்க' என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பலகையில் எழுதிக் காட்டினால் போதும்.

சரி, ஏழு பேரையும் ஒரே கூட்டமாகப் பார்க்காதீர்கள். கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-ல் ஒரு எளிய கணக்கைச் சொன்னார்கள்: வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தைக் கூட்டிப் படிக்கும் திறனையும் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்தான். அதனால் ஒவ்வொரு பிள்ளையோடும் பத்து நிமிஷம் தனியாக உட்காருங்கள். உயிர்மெய் எழுத்துகளை வரிசை கலைத்துக் காட்டுங்கள். தெரிந்த சொற்கள் கொஞ்சம், அப்புறம் 'மிடு', 'கொசிலை' மாதிரி அர்த்தமே இல்லாத சொற்கள் கொஞ்சம் படிக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் மனப்பாடத்தில் படிப்பவர்கள் அங்கேதான் தெரிவார்கள். கடைசியாக நீங்களே ஒரு சின்னக் கதை படித்துக்காட்டிக் கேள்வி கேளுங்கள். ஒரு தாளில் ஏழு பெயர், பக்கத்தில் யார் எங்கே நின்றார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த உருது பேசும் பிள்ளை அநேகமாக எழுத்தைக் கூட்டிவிடுவாள், அர்த்தத்தில் நிற்பாள். அவளுக்கு வேண்டியது தமிழில் நிறையப் பேச்சு, கதை, விளையாட்டு. பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உருதுவும் தெலுங்கும் வீட்டில் பேசும் பிள்ளைகளை 'மந்தம்' என்று ஒதுக்கியதை நிறையப் பார்த்துவிட்டேன், இன்னும் மனசு ஆறவில்லை. சூளைக்குப் போகிற இரண்டு பேருக்கு விட்டுப்போன பாடம்தான் பிரச்சினை; அரசுப் பள்ளிகளின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருக்கிறார்கள் அல்லவா, அவர்களை வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்து உட்கார வையுங்கள்.

கதைக்குப் பதில் சொல்லும் அந்தப் பையனைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். முதலில் கண், காது. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் இரண்டையும் பார்த்துவிடலாம். காதில் சீழ் வடிந்துகொண்டே இருந்ததை யாரும் கவனிக்காமல் 'படிப்பு ஏறவில்லை' என்று சொன்ன பிள்ளைகள் உண்டு. அது சரியாக இருந்து, நீங்கள் இரண்டு மூன்று மாதம் முறையாகச் சொல்லிக்கொடுத்தும் எழுத்து நிற்கவில்லை என்றால் டிஸ்லெக்சியாவாக, அதாவது எழுத்தைக் கூட்டிப் படிப்பதில் வரும் கற்றல் குறைபாடாக இருக்கலாம், முறையான பரிசோதனைக்கு அனுப்புங்கள். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் டிஸ்லெக்சியா அடங்கும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்பதும் ஒன்று. அந்தப் பையனுக்கு அதற்கான வயது வந்துவிட்டது, எட்டு வயதையொட்டித்தான் இதை உறுதியாகச் சொல்ல முடியும். வேலூர் சி.எம்.சி.யில் குழந்தை வளர்ச்சிப் பிரிவு இருக்கிறது, பாகாயம் மனநல மையத்தில் குழந்தைகளுக்கான பிரிவும் இருக்கிறது. ஆனால் 'இவனுக்கு டிஸ்லெக்சியா' என்று நீங்களே அம்மாவிடம் சொல்லாதீர்கள். நீங்கள் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்.

இப்போது பயிற்சிக்கு வருகிறேன். அந்தத் தாளோடு முதலில் உங்கள் வட்டார வள மையத்துக்குப் போங்கள். அங்கே சிறப்புப் பயிற்றுநர் இருப்பார், உங்கள் பட்டியலில் பாதிப் பேருக்கு அவரே வழி சொல்வார். 'சார், ஒரு நாள் வந்து நான் வாசிப்பு நடத்துவதைப் பாருங்கள்' என்று ஆசிரியர் பயிற்றுநரிடம் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள். நம் பாடத்தை இன்னொருவர் பார்த்துச் சொல்வதைப் போல ஒரு பயிற்சி கிடையாது. தீக்‌ஷா என்ற அரசு இணையதளத்தில் ஆசிரியர்களுக்கான நிஷ்டா பயிற்சிப் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன, அடிப்படை எழுத்தறிவு பற்றியதை எடுத்துக்கொள்ளுங்கள். ராணிப்பேட்டை ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் என்ன நடக்கிறது என்றும் விசாரியுங்கள். டிஸ்லெக்சியாவுக்கென்றே ஆழமாகக் கற்க வேண்டும் என்றால் சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது.

ஸ்பெஷல் பி.எட். இரண்டு வருஷப் படிப்பு. சிறப்புக் கல்வி ஆசிரியராகவே வேலையை மாற்றிக்கொள்ளும் எண்ணம் இருந்தால் அதுதான் சரியான வழி, ஆனால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் உள்ள கல்லூரியா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். 1992-ல் வந்த சட்டப்படி அந்தக் கவுன்சிலில் பதிவு இருந்தால்தான் சிறப்புக் கல்வியாளர் என்ற தகுதி. மூன்று நாள் சான்றிதழில் 'நிபுணர்' என்று அச்சடித்திருந்தாலும் அது அந்தத் தகுதி ஆகாது. இந்த ஏழு பேருக்காக மட்டும் என்றால் பி.எட். வேண்டியதில்லை, நீங்கள் படித்து முடிப்பதற்குள் அவர்கள் ஆறாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள்.

எப்போதாவது பணம் கட்டிப் பயிற்சிக்குப் போவதாக இருந்தால் போன் செய்து கேளுங்கள்: தமிழ் எழுத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறீர்கள், உண்மையான ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து செய்யச் சொல்வீர்களா, முடிந்தபின் என் வகுப்பில் வந்த சந்தேகத்தை யாரிடம் கேட்பது? இரண்டாவது கேள்விக்கு 'வீடியோ காட்டுவோம்' என்று பதில் வந்தால் வேண்டாம்.

தலைமையாசிரியர் ஒத்துக்கொள்வாரா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். பயிற்சி, விடுப்பு என்று ஆரம்பிக்காமல் அந்தத் தாளை முதலில் காட்டுங்கள். தினமும் காலையில் அரை மணி நேரம் இந்த ஏழு பேரோடு உட்கார மட்டும் அனுமதி கேளுங்கள், மற்ற 17 பேருக்கு அந்த நேரத்தில் என்ன வேலை கொடுப்பீர்கள் என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள், அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.