மத்தும் சிலம்பக் கம்பும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்ப்ளோரர் 1 பற்றிய உங்கள் கட்டுரையை என் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். ‘சுழலும் பம்பரம் சாயாது, அதேபோல நிமிடத்துக்கு 750 முறை சுழன்ற அந்தச் செயற்கைக்கோளும் கடைசிவரை சாயாமல் நின்றது’ என்று எழுதியிருந்தீர்கள். ஒரு மாணவி எழுந்து, அது சில மணி நேரத்திலேயே குட்டிக்கரணம் போட ஆரம்பித்துவிட்டதாகப் படித்திருக்கிறேன் என்றாள். எது சரி? யாருமே தொடாமல் ஒரு பொருள் எப்படித் தன் சுழற்சியை மாற்றிக்கொள்ளும்? கைரோஸ்கோப் வைத்து அதைத் தடுத்திருக்க முடியாதா?

ச.

*

அன்புள்ள ச.,

உங்கள் மாணவி சொன்னதுதான் சரி. நான் எழுதியது தவறு. கட்டுரையில் அந்த வரியைத் திருத்திவிட்டேன், அவளுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். அவள் தொட்டிருப்பது விண்வெளிப் பொறியியல் தன் முதல் பாடத்தைக் கற்ற இடம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1958 ஜனவரி 31 இரவு கேப் கனாவரலில் இருந்து கிளம்பிய எக்ஸ்ப்ளோரர் 1, சுமார் இரண்டு மீட்டர் நீளமும் ஒரு சாணுக்கும் குறைவான விட்டமும் கொண்ட ஒரு குழாய். எடை 14 கிலோ. அதைச் சுழல விட்டது செயற்கைக்கோளுக்காக அல்ல, ராக்கெட்டுக்காக. மேல் அடுக்குகளில் சிறிய திட எரிபொருள் ராக்கெட்டுகளைக் கொத்தாகக் கட்டியிருந்தார்கள். ஒன்று கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினாலும் பாதை கோணிவிடும். மொத்தத்தையும் ஒரு தொட்டிக்குள் வைத்துச் சுழற்றினால் அந்த ஏற்றத்தாழ்வு எல்லாப் பக்கமும் பரவிச் சமமாகிவிடும். தரையில் நிற்கும்போதே அந்தத் தொட்டி சுழல ஆரம்பித்துவிட்டது. கடைசி அடுக்கோடு ஒட்டியிருந்த செயற்கைக்கோளுக்கும் அந்தச் சுழற்சி அப்படியே வந்து சேர்ந்தது.

தயிர் கடையும் மத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நெடுக்காக நின்று, தன்னைத்தானே வேகமாகச் சுற்றும். எக்ஸ்ப்ளோரர் அப்படித்தான் கிளம்பியது. சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், சிலம்பம் சுற்றுகிறவர் கையில் இருக்கும் கம்பு மாதிரி, இரண்டு முனைகளும் வட்டமடிக்க, முன்பைவிட மிக மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

காரணம், குழாயின் இடுப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த நான்கு ஆன்டெனாக் கம்பிகள். ஒவ்வொன்றும் அரை மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், நன்றாக வளையக்கூடியவை. கட்டுக்கம்பியை வெட்டக் குறடு இல்லாவிட்டால் முன்னும் பின்னும் வளைத்து உடைப்போம், இல்லையா? உடைகிற இடத்தைத் தொட்டால் சுடும். கையின் ஆற்றல் கம்பியில் வெப்பமாகிவிட்டது. அங்கும் அதுதான் நடந்தது. குழாயின் சுழற்சியில் இருந்த துளித் தள்ளாட்டம் அந்தக் கம்பிகளை ஒவ்வொரு சுற்றிலும் வளைத்தது. வளைந்த ஒவ்வொரு முறையும் சுழற்சியின் ஆற்றல் கொஞ்சம் வெப்பமாகிக் கழிந்தது.

இனி கரும்பலகையில் போட வேண்டிய பகுதி. வெளியிலிருந்து யாரும் தொடாததால் கோண உந்தம், அதாவது பொருளிடம் இருக்கும் சுழற்சியின் மொத்த அளவு, மாறவில்லை, அதன் திசையும் மாறவில்லை. அந்த அளவுக்குப் பாடப்புத்தகம் சொல்வது சரிதான். ஆனால் ஆற்றல் குறைந்துகொண்டே வருகிறது. கோண உந்தத்தை விடாமல் ஆற்றலை மட்டும் இழக்க ஒரே வழி, நிலைமத் திருப்புத்திறன் (சுழற்றுவதற்குப் பொருள் காட்டும் எதிர்ப்பு) அதிகமாக உள்ள அச்சுக்கு மாறுவது. மத்தாகச் சுற்ற வேகமும் ஆற்றலும் நிறைய வேண்டும். கம்பாகச் சுற்றினால் மெதுவாகச் சுற்றினாலே அதே கோண உந்தம் வந்துவிடும். அதனால் உடல் மெல்ல மெல்ல அதை நோக்கிச் சாய்ந்தது. திண்மப்பொருள் என்று எடுத்துக்கொண்டால் நீளவாட்டு அச்சிலும் சுழற்சி நிலையாக இருக்கும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. வளையாத பொருளைப் பற்றிய கணக்கு அது.

இதைச் சரியாகக் கணித்தவர் ஸ்டான்ஃபோர்டில் இருந்த ரேடியோ வானியலாளர் ரொனால்ட் பிரேஸ்வெல். அப்போது அங்கே ஆய்வு மாணவராக இருந்த ஓவன் கேரியட்டும் அவரும் சேர்ந்து 1958 செப்டம்பரில் நேச்சர் இதழில் செயற்கைக்கோள்களின் சுழற்சி பற்றி எழுதினார்கள். இதை ஒரு வானியலாளர் கண்டுகொண்டதில் எனக்கு வியப்பில்லை. கோள்களையும் விண்மீன்களையும் பார்க்கிறவருக்கு முழுக்கத் திடமான பொருள் என்று எதுவுமே கிடையாது.

அப்புறம் வடிவமைப்பே மாறியது. 1963இல் பறந்த சின்கோம் செயற்கைக்கோள்களைப் பாருங்கள்: 71 செ.மீ. விட்டம், 39 செ.மீ. உயரம். குழாய் போய்த் திருகைக்கல் வந்துவிட்டது. திருகைக்கு அதன் நடு அச்சில்தான் திருப்புத்திறன் அதிகம். ஆற்றல் கசிந்தாலும் சுழற்சி போய்ச் சேர வேறு அச்சில்லை.

சரி, கைரோஸ்கோப்? பலரும் குழப்பிக்கொள்கிற இடம் இது. கைரோஸ்கோப் என்பது வேகமாகச் சுழலும் ஒரு சக்கரம். அன்றைய ராக்கெட்டுகளில் அதன் வேலை உணர்வது மட்டும்தான். கண்ணை மூடி நின்றாலும் உடம்பு சாய்வது நமக்குத் தெரிகிறதே, அது போல. சாய்வதைத் தெரிந்துகொண்ட பிறகு கால் ஊன்ற ஏதாவது வேண்டும். ஜெர்மனியின் வி-2 ராக்கெட்டில் கைரோ சொன்னதைக் கேட்டு, புகைப்போக்கில் இருந்த கிராஃபைட் தகடுகள் திரும்பின. சுற்றுப்பாதையில் எஞ்சின் அணைந்த பிறகு தகடு எதைத் தள்ளும்? எக்ஸ்ப்ளோரரில் தள்ளுவதற்கான எந்த ஏற்பாடும் இல்லை.

அந்த ஏற்பாட்டைச் செய்து காட்டியது சோவியத்தின் லூனா 3 விண்கலம். பொறுப்பாளர் போரிஸ் ரவுஷென்பாக். ஜெர்மன் வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காகப் போர்க்காலத்தில் உழைப்பு முகாமில் அடைக்கப்பட்டிருந்தவர் அவர். 1959 அக்டோபர் 7 அன்று, நிலவிலிருந்து சுமார் 65,000 கி.மீ. தொலைவில், சுழன்றுகொண்டிருந்த கலம் நைட்ரஜன் வாயுவைப் பீய்ச்சித் தன் சுழற்சியை நிறுத்தியது. எவ்வளவு திரும்புகிறோம் என்பதைக் கைரோக்கள் சொல்லின. ஒளி உணரிகள் முதலில் சூரியனைப் பிடித்தன, பிறகு எதிர்ப்பக்கம் நிலவைப் பிடித்தன. 40 நிமிடங்களில் 29 படங்கள். அதுவரை எந்த மனிதரும் பார்த்திராத நிலவின் மறுபக்கம் அந்தப் படங்களில் இருந்தது. மங்கல்தான், ஆனால் அதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது, இன்றும் சிலிர்க்கிறது. படம் எடுத்து முடித்ததும் கலம் மறுபடி சுழலத் தொடங்கிவிட்டது.

மனிதர்கள் தங்கும் கலத்தையே சக்கரம் திருப்புகிற காலம் அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தோடு, 1973இல் வந்தது. தலா சுமார் 70 கிலோ எடையில் மூன்று சக்கரங்கள், நிமிடத்துக்கு ஏறக்குறைய 9,000 சுற்று. சக்கரத்தின் அச்சை ஒரு பக்கம் சாய்த்தால், ஈடாக மொத்த நிலையமும் திரும்பும். ஆனால் எவ்வளவு திரும்புகிறது என்று உணரவேண்டிய சிறிய கைரோக்கள் பழுதாக ஆரம்பித்தன. இரண்டாம் குழு ஆறு புதிய கைரோக்களைக் கொண்டுபோனது. ஆகஸ்ட் 24 அன்று அவற்றின் கேபிளை இணைக்க இரண்டு பேர் நிலையத்துக்கு வெளியே போனார்கள். ஒருவர் ஜாக் லூஸ்மா. இன்னொருவர், பதினைந்து வருடங்களுக்கு முன் பிரேஸ்வெல்லோடு அந்தக் கட்டுரையை எழுதிய அதே ஓவன் கேரியட்.

உங்கள் மாணவிக்கு இதையும் சொல்லுங்கள்.