கார் சக்கரங்களுக்குப் பேலன்சிங் (எடையைச் சமன்செய்தல்) செய்த பிறகும் 90 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குவது ஏன்?

முதலில் எந்த வேகத்தில் நடுங்குகிறது என்று கவனியுங்கள். 80 முதல் 110 கி.மீ.க்குள் தொடங்கி, அதைத் தாண்டியதும் குறைந்தால் பெரும்பாலும் பேலன்சிங் கோளாறு. 20, 30லேயே வண்டி தூக்கித் தூக்கிப் போட்டால் டயரின் வட்டமே கெட்டிருக்கலாம். அதற்கு ரிம்மில் எத்தனை வெயிட் (சமன்செய்யும் எடைத் துண்டு) அடித்தாலும் தீராது. சாதாரண பேலன்சிங் மெஷின் எடையைத்தான் பார்க்கும், வட்டத்தைப் பார்க்காது. பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கைப் பாருங்கள்.

ஸ்டீயரிங் நடுங்கினால் பெரும்பாலும் முன்சக்கரம், சீட் அதிர்ந்தால் பின்சக்கரம். முன்பின் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். நடுக்கமும் கூடவே இடம் மாறினால் கோளாறு அந்தச் சக்கரத்தில்தான்.

வட்டத்தைச் சோதிக்க, சமதளத்தில் ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவர் நுனி டயரின் பட்டன் (சாலையில் படும்) பகுதிக்கு 2 மி.மீ. தள்ளி நிற்கும்படி செங்கல்மேல் அசையாமல் வையுங்கள். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி 1.5 மி.மீ.க்கு மேல் கூடிக் குறைந்தால் சந்தேகமே வேண்டாம். ரிம் விளிம்பிலும் இப்படியே பாருங்கள். ரிம் நேராகச் சுற்றி டயர் மட்டும் லேசாக ஏறி இறங்கினால், டயரை ரிம்மில் 180 பாகை திருப்பி மாட்டி மறுபடி பேலன்ஸ் செய்தால் பல சமயம் சரியாகும்.

ஓரிடத்தில் மட்டும் புடைப்பு தெரிந்தால் உள்ளே ஸ்டீல் பெல்ட் (எஃகுக் கம்பி அடுக்கு) பிரிந்திருக்கக்கூடும். அந்த டயரில் தயவுசெய்து ஓட்டாதீர்கள், ஓட்டத்தில் வெடிக்கலாம்.

கடைக்குப் போகுமுன் ரிம்மின் உட்புறத்தையும் பாருங்கள்: காய்ந்த சேறு, வெயிட் விழுந்துபோன பசைத் தடம். இவ்வளவு சின்ன விஷயமாகவும் இருக்கலாம்.