பவளம் ஏன் வாடுகிறது? கேள்விகளும் என் பதில்களும்

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டின் ஹாலில் 14 வருடமாக ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைத்திருக்கிறேன். பிழைக்க வைத்த பவளங்களும் உண்டு, கையிலேயே செத்த பவளங்களும் உண்டு. இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே விஷயத்தைப் பற்றியவை: நன்றாக இருந்த பவளம் திடீரென்று வாடுகிறது, ஏன்? கேட்ட ஒவ்வொருவரிடமும் நான் முதலில் திருப்பிக் கேட்டது இதைத்தான்: "கடந்த மூன்று வாரத்தில் டேங்கில் என்ன மாற்றினீர்கள்?" பாதிப் பேருக்கு அந்தப் பதிலிலேயே காரணம் கிடைத்துவிட்டது.

செங்காங்கிலிருந்து ஒரு தம்பி: அக்கா, என் ஆக்ரோபோராவின் (கிளை விடும் கடினப் பவளம்) நுனிகள் வெள்ளையாகின்றன. டெஸ்ட் செய்தால் எல்லாம் சரி. ஆல்க் (தண்ணீரின் காரத்தன்மை, டிகேஹெச் அளவில்) 8.5, கால்சியம் 430, மக்னீசியம் 1320 (இரண்டும் பிபிஎம்), உப்பு லிட்டருக்கு 35 கிராம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுத்தமாகப் பூஜ்யம். அப்புறம் ஏன்?

தம்பி, வளர்கிற ஆக்ரோபோராவின் நுனியும் வெளிறித்தான் இருக்கும். அதனால் முதலில் டார்ச் அடித்துக் கிட்டத்தில் பாருங்கள். வளரும் நுனியில் மெல்லிய தோல் வழவழப்பாக மூடியிருக்கும். கருகிய நுனியில் தோல் இருக்காது, சுண்ணாம்பு எலும்பு சொரசொரவென்று தெரியும், இரண்டு மூன்று நாளில் அதன் மேல் பாசி பழுப்பாகப் படியும். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது இரண்டாவது வகை.

மூன்று வாரக் கணக்கைக் கேட்டபோது, சால்ட் பிராண்டை மாற்றிப் பாதித் தண்ணீரை ஒரே நாளில் மாற்றியதாகச் சொன்னீர்கள். அதற்கு முன் உங்கள் ஆல்க் 7.1. ஒரே நாளில் 1.4 ஏறியிருக்கிறது. 8.5 என்பது நல்ல எண்தான். ஆனால் பவளம் எண்ணைப் பார்ப்பதில்லை, ஏற்ற இறக்கத்தைத்தான் உணர்கிறது. 7.5-இலேயே வருடக்கணக்காக நிற்கிற டேங்கில் பவளம் செழிக்கும், 8-க்கும் 9.5-க்கும் நடுவே ஊஞ்சலாடுகிற டேங்கில் சாகும். அதோடு உங்கள் தண்ணீரில் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் இல்லை. சாப்பாடு இல்லாத நேரத்தில் ஆல்க் ஏறினால் நுனி கருகும். இதை என் டேங்கிலேயே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். பாஸ்பேட் உறிஞ்சும் மீடியாவை எடுத்துவிடுங்கள். மீனுக்கு இரண்டு வேளையும் நிறைவாகப் போடுங்கள். நைட்ரேட் 5 பிபிஎம் அருகிலும் பாஸ்பேட் 0.05 பிபிஎம் அருகிலும் வரட்டும். இரண்டும் பூஜ்யத்திலேயே கிடந்தால் டைனோஃபிளாஜெல்லேட் என்கிற பழுப்புச் சளி மணலை மூடும், அதை விரட்டுவது பெரும் பாடு. ஆல்க்கை இப்போது கீழே இழுக்க வேண்டாம், 8.5-இலேயே நிறுத்துங்கள். இனி எப்போது மாற்றினாலும் நாளுக்கு 0.5-க்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று, ஆல்க்கை தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதி வையுங்கள். கால்சியத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஏன் ஏமாறுகிறார்கள் என்றால், பவளம் எலும்பு கட்டும்போது ஆல்க் 2.8 குறைகிற அதே நேரத்தில் கால்சியம் சுமார் 20 தான் குறையும். 430-இல் 20 போனால் டெஸ்ட் கிட்டில் சரியாகத் தெரியவே தெரியாது. 8.5-இல் 2.8 போனால் மூன்றில் ஒரு பங்கு காலி. சிக்கலை முதலில் காட்டிக்கொடுப்பது ஆல்க் தான்.

ஜொகூர் பாருவிலிருந்து: என் டார்ச் பவளம் (பல தலைகளாக வளரும், விரல் விரலாக அசையும் கடினப் பவளம்) ஒரு வாரமாகச் சுருங்கிக் கிடக்கிறது. இன்று ஒரு தலையில் பழுப்பு நிறத்தில் கூழ் மாதிரி தொங்குகிறது.

படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அந்தக் கூழை வெளியே எடுங்கள். பிரவுன் ஜெல்லி என்போம். பக்கத்துத் தலைக்கும் பக்கத்துப் பவளத்துக்கும் பரவும். பவர்ஹெட் (டேங்குக்குள் நீரோட்டம் உண்டாக்கும் மோட்டார்), பம்ப் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மெல்லிய குழாயால் அந்தக் கூழை உறிஞ்சி எடுங்கள். பம்ப் ஓடும்போது தொட்டால் துண்டு துண்டாகப் பிரிந்து டேங்க் முழுக்கப் பறக்கும். பிறகு தனி வாளியில் டேங்க் தண்ணீரை வைத்து, பாதித்த தலையை எலும்போடு வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை அயோடின் டிப்பில் (பவளத்தை முக்கியெடுக்கும் மருந்துக் கரைசல்) நனையுங்கள். அழுகிய நாற்றம் வரும், பயப்பட வேண்டாம்.

ஆனால் கூழ் கடைசியில் வந்தது. அதற்கு முன்பே ஒரு வாரமாகப் பவளம் சுருங்கியிருந்திருக்கிறது. 200 லிட்டர் டேங்க், மேலே ஃபேன் ஓடுகிறது, தினம் 3 லிட்டர் ஆவியாகிறது, அதை உப்புத் தண்ணீரால் நிரப்புகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். 3 லிட்டர் உப்புத் தண்ணீரில் 105 கிராம் உப்பு. அதாவது தினம் லிட்டருக்கு அரை கிராம் ஏறுகிறது. 35-இல் தொடங்கினால் எட்டே நாளில் 39. டார்ச் சுருங்கியதில் ஆச்சரியமே இல்லை. இனி ஆர்ஓ-டிஐ தண்ணீரால் (உப்பும் தாதுக்களும் நீக்கிய சுத்தத் தண்ணீர்) மட்டும் நிரப்புங்கள். ஒரே நாளில் 35-க்கு இறக்காதீர்கள், நாளுக்கு லிட்டருக்கு ஒரு கிராம் குறைந்தால் போதும். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 என்று குறித்த திரவத்தால் சரிபாருங்கள். வெறும் தண்ணீரில் பூஜ்யம் காட்டுகிறது என்பதற்காக மட்டும் அதை நம்பிவிடாதீர்கள்.

சென்னை வேளச்சேரியிலிருந்து: மேடம், கரண்ட் போய் டேங்க் 31 டிகிரிக்குப் போய்விட்டது. லெதர் பவளமும் மஷ்ரூம் பவளமும் (இரண்டும் கடின எலும்பில்லாத வகை) வெள்ளையாகிவிட்டன. தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டவே வேண்டாம். வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல. பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் பெரும்பகுதி உணவும் தருகிறது. சூடு தாங்காமல் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிட்டது, அவ்வளவுதான். மன்னார் வளைகுடாவில் 2016-இல் பவளங்கள் வெளுத்ததும் கடல் சூடானதால் தான். தொட்டால் சுருங்குகிறதா, திசு கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் உயிர் இருக்கிறது.

விளக்கைப் பாதியாகக் குறையுங்கள். வாரம் இரண்டு முறை பொடியான உணவு கொடுங்கள். நிறம் திரும்ப வாரக்கணக்கில் ஆகும், மாதக்கணக்கிலும் ஆகலாம். தண்ணீர்ப் பரப்பின் மேல் ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். 26-இல் நிறுத்த முடிந்தால் நல்லது. கரண்ட் போனால் சூட்டுக்கு முன்பே ஆக்ஸிஜன்தான் தீரும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை இன்றே வாங்கிவிடுங்கள்.

அவரே மீண்டும்: ராமேஸ்வரம் பக்கம் கடினப் பவளத் துண்டு கிடைக்கும் என்கிறார்கள். வாங்கலாமா?

கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை 1-இல் 2001-இல் கடினப் பவளங்கள் எல்லாமே சேர்க்கப்பட்டன. கடல் விசிறியும் சேர்ந்ததுதான். எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். சட்டத்தை விடுங்கள், அந்தக் கடலில் பவளம் ஏற்கெனவே தத்தளிக்கிறது. உங்களிடம் இருக்கும் லெதரையும் மஷ்ரூமையும் நன்றாக வளருங்கள். அவற்றிலேயே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

உட்லண்ட்ஸிலிருந்து: ஒரே ஒரு ஆக்ரோபோரா மட்டும், அதுவும் அடியிலிருந்து மேலே வெளுத்துக்கொண்டு வருகிறது. மற்றவை எல்லாம் நன்றாக இருக்கின்றன.

ஒன்று மட்டும் வாடினால் தண்ணீரைக் குறை சொல்லாதீர்கள், அந்தப் பவளத்தின் மேல் ஏதோ இருக்கிறது. வட்ட வட்டமாக, பென்சில் முனை அளவில் வெளிறிய புள்ளிகள் தெரிகின்றனவா? அது தட்டைப்புழு கடித்த இடம். புழு பவளத்தின் நிறத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், நேராகப் பார்த்தால் கண்ணுக்குப் படாது. பவளத்தை ஒரு வெள்ளை டப்பாவில் டிப் கலந்த தண்ணீரில் வைத்து, சமையலறை பல்புச் சிரிஞ்சியால் கிளைகளுக்கு நடுவே நன்றாகப் பீய்ச்சுங்கள். நான் முதல் தடவை செய்தபோது டப்பாவின் அடியில் நகத்துணுக்கு போல ஒன்று விழுந்து சுருண்டது. கடைசியில் எண்ணினேன், 11 இருந்தன.

டிப் புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டைகள் திசு இல்லாத அடி எலும்பில் பழுப்பு மணி மணியாக ஒட்டியிருக்கும். ஃபோன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிளேடால் சுரண்டுங்கள், முடிந்தால் அடியையே வெட்டிப் புது பிளக்கில் (பவளம் ஒட்டும் சிறு கல்) ஒட்டுங்கள். வாரம் ஒரு முறை, ஆறு வாரம் விடாமல் டிப் செய்யுங்கள். நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்துதான்.

ஸ்கார்பரோவிலிருந்து: குளிர்காலம் வந்தாலே பிஹெச் 7.7. பஃபர் (பிஹெச்சை ஏற்றும் பொடி) போடலாமா?

வேண்டாம், ஆல்க் தான் எகிறும். ஜன்னல் மூடிய வீட்டில் நீங்கள் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயு தண்ணீரில் கரைவதுதான் பிஹெச் இறங்கக் காரணம். ஸ்கிம்மரின் (காற்றுக் குமிழியால் தண்ணீரின் அழுக்கை நுரையாகப் பிரிக்கும் கருவி) காற்றுக் குழாயை வெளியே நீட்டுங்கள். ராத்திரி சுண்ணாம்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடலாம். அதற்கு ரீஃப் டேங்குக்கென்று விற்கும் கால்சியம் ஹைட்ராக்சைடைத்தான் வாங்க வேண்டும், வெற்றிலைச் சுண்ணாம்பை அல்ல.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு பெரியவர்: பிள்ளை, ராத்திரி நல்லாத்தான் இருந்தது. விடியப் பார்த்தால் இறால் எல்லாம் செத்துப்போச்சு. மஷ்ரூம் எல்லாம் சுருங்கிப்போச்சு. மீன் ஒண்டுக்கும் ஒண்டும் இல்லை.

ஐயா, மீன் நன்றாக இருக்கும்போது இறால் முதலில் செத்தால் நான் இரண்டைத்தான் சந்தேகிப்பேன். ஒன்று செம்பு: பித்தளைக் குழாய்முனை, அல்லது மீனுக்குக் கொடுத்த மருந்து. மற்றொன்று கொசு மருந்து. அறையில் இரவு முழுக்கக் கொசு லிக்விட் எரிந்ததா? அதில் இருக்கும் பைரித்ராய்டு இறாலுக்குக் கொடிய விஷம். ஏர் பம்பும் ஸ்கிம்மரும் அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் செலுத்துகின்றன. உடனே விஷத்தை உறிஞ்சும் கார்பன் (கரித்துகள்) போடுங்கள், மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பவர்ஹெட்டின் காந்தத்தையும் ஒரு முறை தடவிப் பாருங்கள். உறை வெடித்துத் துரு வழிந்திருந்தால் அதையும் தூக்கிவிடுங்கள்.

ஜூரோங்கிலிருந்து: ஸோவா (பொத்தான் பொத்தானாகக் கூட்டமாய்ப் படரும் ஸோவாந்திட் வகை) பாறை முழுக்கப் படர்ந்து மற்றப் பவளத்தை நெருக்குகிறது. கல்லை வெளியே எடுத்துச் சுடுதண்ணீரில் வேகவைத்துச் சுத்தம் செய்யப் பார்க்கிறேன்.

செய்யாதீர்கள். ஸோவாந்திட்களில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் இருக்கிறது. வேகவைத்தால் அது நீராவியோடு வீடு முழுக்கப் பரவும். இப்படிச் செய்து குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. காய்ந்த பாறையைப் பிரஷால் தேய்க்கவும் கூடாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கல்லை அப்படியே வேறொரு டேங்க் வைத்திருப்பவருக்குக் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே அடுப்பில் ஏற்றிவிட்டிருந்தால் அடுப்பை அணைத்து எல்லோரும் வெளியே வாருங்கள். மூச்சுத் திணறல், காய்ச்சல், வாயில் உலோகச் சுவை, இதில் எது இருந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போய் "பாலிடாக்சின்" என்ற சொல்லைச் சொல்லுங்கள். அங்கே இருக்கும் டாக்டருக்கு அது தானாகத் தோன்றாது.